ஆப்பிள் மரம் குளிரை எண்ணும், தெரியுமா?

ஸ்ரீநகரில் புறப்படுகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கே போய் முடிகிறது, தெரியுமா? நம்ம கன்னியாகுமரியில்! சுமார் 3,700 கிலோமீட்டர். அந்த முனையில் மரத்தில் தொங்குகிற ஆப்பிள் அட்டைப்பெட்டிக்குள் ஏறி, லாரி மாறி லாரி மாறி, இந்த முனையில் நாகர்கோவில் வடசேரி சந்தையில் வந்து இறங்குகிறது. ஒரே ரோட்டின் ஒரு நுனியில் காய்க்கிறது. மறு நுனியில் நாம் கிலோ என்ன விலை என்று கேட்டுக்கொண்டு நிற்கிறோம். ஏன், நம்ம நுனியிலும் காய்த்தால் என்னவாம்?

“இந்த வெயில் அதற்குத் தாங்குமா?” என்பீர்கள். தாங்கும்! அமெரிக்காவில் ஆப்பிளுக்குப் பேர்போன வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் கோடை வெயில் 38 டிகிரியைத் தொடுவது வழக்கமான சங்கதி. ஆரல்வாய்மொழிக் காற்றும் கடற்காற்றும் மாறிமாறி வீசுகிற நாஞ்சில் நாட்டில் சித்திரை மாதத்தில்கூட அவ்வளவு சூடு அபூர்வம்தான். வெயில் கூடியதால் அல்ல, குளிர் போதாததால்தான் ஆப்பிள் நம்மிடம் பிணங்குகிறது. அந்த மரம் குளிரை மணிக்கணக்கில் எண்ணுகிறது. கணக்கு நிறையாவிட்டால் பூக்காது.

மரமா? எண்ணுமா? ஆமாம்! அடுத்த வருஷம் பூக்க வேண்டிய மொட்டை ஆப்பிள் மரம் இந்த வருஷக் கோடையிலேயே உருட்டி வைத்துவிடுகிறது. இலை உதிர்ந்ததும் அந்த மொட்டு உறங்கப் போகிறது. பிறகு என்ன செய்தாலும் எழும்பாது. உரம் போட்டாலும் தண்ணீர் விட்டாலும் அசையாது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே போகிற ஒவ்வொரு மணி நேரமும் அதற்குள் வரவு விழுகிறது. காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் வளர்கிற டெலிஷியஸ் வகைகளுக்கு 1,000 முதல் 1,200 மணி நேரம் வேண்டும். நாள் கணக்கில் பார்த்தால் இரவும் பகலுமாக 42 நாளிலிருந்து 50 நாள். அதுவும் சும்மா எண்ணுவதில்லை. நடுவில் வெயிலடித்துச் சூடேறினால் சேர்த்த மணிகளில் கொஞ்சம் கழிந்தும் போகிறது. உண்டியலில் போட்ட காசை வீட்டுப் பிள்ளைகள் ஈர்க்குச்சியால் எடுப்பதுபோல!

எதற்கு இத்தனை கெடுபிடி? தை மாதம் நாலு நாள் இளவெயில் காய்ந்ததும் “வசந்தம் வந்துவிட்டது” என்று ஏமாந்து பூத்தால், ஐந்தாம் நாள் உறைபனியில் அத்தனை பூவும் கருகிவிடும். குளிர்காலம் முழுசாகக் கழிந்துவிட்டது என்று உறுதிசெய்ய மரத்துக்கு வேறு காலண்டர் இல்லை. எண்ணித்தான் ஆக வேண்டும்.

இப்போது நம்ம ஊர்க் கணக்கைப் பாருங்கள். நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையில் பல் துலக்க வெளியே வந்தால் “என்ன குளுரு!” என்கிறோமே, அப்போது வெப்பமானி 21, 22 டிகிரியில் நிற்கும். ஆப்பிள் மரத்தின் உண்டியலில் வருஷத்துக்கு விழுவது பூஜ்யம். சரி, மலைக்குப் போவோமா? மகேந்திரகிரி சுமார் 1,650 மீட்டர் உயரம். ஒரு கிலோமீட்டர் மேலே ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். அந்தக் கணக்கில் உச்சியில் நாகர்கோவிலைவிட 10, 11 டிகிரி குறைவு. 21-லிருந்து கழித்தால் 10 வருகிறது. 7-க்கு இன்னும் 3 டிகிரி பாக்கி! நம்ம மாவட்டத்தின் தலையுச்சியில் கொண்டுபோய் நட்டாலும் காஷ்மீர் ஆப்பிள் உறக்கம் கலையாமல் நிற்கும், அல்லது கிளை நுனியில் மட்டும் நாலு இலை விட்டுவிட்டு முழிக்கும். அங்கே காடு வனத்துறை கையில் இருக்கிறது, நடவும் விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மகேந்திரகிரி என்றதும் ஒரு கிளைச் செய்தி. அந்த மலையடிவாரத்தில் இஸ்ரோ ராக்கெட் இயந்திரங்களைச் சோதித்துப் பார்க்கிறது. புவியீர்ப்பை மீறிப் பறக்கத்தானே இத்தனை பாடும்? புவியீர்ப்பை நியூட்டனுக்கு நினைவூட்டியதாகச் சொல்லப்படுகிற ஆப்பிள் மரத்தின் ஒரு துண்டு, 2010-இல் விண்வெளி ஓடத்தில் ஏறி புவியீர்ப்பு உணரப்படாத இடத்துக்கே போய்வந்தது, தெரியுமா? இங்கிலாந்தில் வூல்ஸ்தோர்ப் என்ற ஊரில் அந்த மரம் இன்னும் நிற்கிறது. ரகத்தின் பெயர் ‘ஃபிளவர் ஆஃப் கென்ட்’. அதன் ஒட்டுக்கன்றுகள் உலகமெங்கும் போயிருக்கின்றன. புனேயில் உள்ள ஐயூகா வானியல் மையத்திலும் நட்டார்கள். சில வருஷம் வளர்ந்தன, பிறகு பட்டுப்போயின. விஞ்ஞானிகளின் தோட்டமானாலும் குளிர்க் கணக்கு கணக்குதான்!

சரி, குளிர் வேண்டும் என்கிறதே, எவ்வளவு குளிரைத் தாங்கும்? இங்கேதான் வாய் பிளக்க வேண்டும். ரஷ்யாவின் அந்தோனோவ்கா என்ற ரகம் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும் என்கிறார்கள். நம்ம வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18! தண்ணீர் பூஜ்யத்தில் உறைய வேண்டுமே, மரத்துக்குள் இருக்கிற தண்ணீர் என்ன ஆகிறது? இலையுதிர் காலத்தில் மரம் பதனப்படத் தொடங்குகிறது. செல்லுக்குள் இருக்கிற தண்ணீரில் ஒரு பங்கை வெளியே தள்ளிவிட்டு, உள்ளே சர்க்கரைச் சத்தைக் கூட்டிக்கொள்கிறது. தண்டின் உட்பகுதியில் இன்னும் பெரிய வித்தை நடக்கிறது. பனித்துகள் பிடித்துக்கொள்ள ஒரு பற்றுக்கோல்கூடக் கிடைக்காதபடி தண்ணீரை நுண்ணிய அறைகளில் அடைத்து வைக்கிறது. பற்றுக்கோல் இல்லாத சுத்தத் தண்ணீர் பூஜ்யத்தில் உறையாது! மைனஸ் 38, 40 வரைக்கும் திரவமாகவே நிற்கும். அதற்கும் கீழே போனால் ஒரே நொடியில் உறைந்து செல் வெடிக்கும். ஆப்பிள் மரத்தின் தாங்கு எல்லையும் தண்ணீரின் எல்லையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பது தற்செயல் அல்ல.

அதற்கும் கீழே இறங்குகிற சைபீரியாவில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மரத்தைப் படுக்க வைக்கிறார்கள்! கன்றாக இருக்கும்போதே கிளைகளைத் தரையோடு தரையாக வளைத்து, முளையடித்துக் கட்டி, பூசணிக்கொடி மாதிரி படரவிடுகிறார்கள். குளிர்காலத்தில் அதன்மேல் பனி விழுந்து மூடிக்கொள்ளும். பனிக்குள் ஏராளமான காற்று அடைபட்டிருப்பதால் அது குளிரை உள்ளே விடாது. மேலே மனிதன் மூச்சு உறைகிற குளிர்; கீழே ஆப்பிள் மரம் போர்வைக்குள் உறங்கும். பனி உருகியதும் படுத்த மரத்தில் பூ, படுத்த மரத்தில் காய்.

ஆனால் குளிர் நாட்டு ஆப்பிளின் பெரிய எதிரி நடுக்குளிர்காலம் இல்லை. குளிர்காலத்தின் இரண்டு ஓரங்கள்தான். இலையுதிர்ந்த மரத்தின்மேல் எவ்வளவு பனி விழுந்தாலும் வழிந்து போய்விடும். 2018-லும் 2019-லும் காஷ்மீரில் நவம்பர் தொடக்கத்திலேயே கனத்த பனி விழுந்தது. அப்போது மரங்களில் இலை உதிரவில்லை, சில தோட்டங்களில் பழம்கூட பறித்து முடியவில்லை. இலை ஒவ்வொன்றும் பனியை ஏந்திக்கொள்ள, பாரம் தாங்காமல் கிளை முறிந்தது, தாய்த்தண்டே பிளந்தது. பதினைந்து இருபது வருஷம் வளர்த்த மரம் ஒரு ராத்திரியில் போனால் என்ன பாடு என்பது 2017 ஒக்கிப் புயலில் ரப்பரும் வாழையும் பறிகொடுத்த நம்ம மாவட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மறு ஓரம் வசந்தம். மைனஸ் 40 தாங்குகிற அதே மரம், பூத்து விரிந்த நிலையில் மைனஸ் 2 டிகிரிக்கே தோற்றுவிடும். மைனஸ் 4-ஐத் தொட்டால் பத்தில் ஒன்பது பூ காலி! அந்த ராத்திரியில் தோட்டக்காரர் செய்கிற காரியத்தைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். பூவின்மேல் தண்ணீர் தெளிக்கிறார். ஆமாம், உறைகிற குளிரில் தண்ணீர்! தண்ணீர் ஐஸாக மாறும்போது தன்னிடமிருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. விடிய விடிய தெளித்துக்கொண்டே இருந்தால், உறைகிற தண்ணீர் விடுகிற அந்தச் சின்ன வெப்பமே பூவைப் பூஜ்யத்துக்கு அருகில் பிடித்து வைக்கும். காலையில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பூவும் கண்ணாடிக்குள் வைத்த மாதிரி ஐஸுக்குள் இருக்கும், உயிரோடு! நடுவில் மோட்டார் நின்றுபோனால் மட்டும் நிலைமை தெளிக்காததைவிட மோசம். கரண்டை நம்பிச் செய்கிற வேலை இல்லை இது.

கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் வீடு வாங்கிய நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் பின்கட்டில் ஆப்பிள் நட ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்கு முதல் விஷயம்: பள்ளத்தில் நடாதீர்கள். குளிர்காற்று கனமானது, ராத்திரியில் தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். சரிவின் நடுவில் நட்ட மரம் பிழைக்கிற ராத்திரியில் அடிவாரத்து மரம் பூவை இழக்கும். இரண்டாவது, கடைப்பழத்தின் ருசியை வைத்து ரகம் தேடாதீர்கள். நீங்கள் இருக்கிற ஊரின் மிகக் குளிர்ந்த ராத்திரி எத்தனை டிகிரி என்பதை முதலில் கேட்டு, அதைத் தாங்குகிற பட்டியலுக்குள் ருசி தேடுங்கள். மினசோட்டா பல்கலைக்கழகம் இதற்கென்றே நூறு வருஷத்துக்கு மேலாக ஆப்பிள் உருவாக்கி வருகிறது. 1922-இல் ஹரால்சன் என்ற ரகத்தை வெளியிட்டார்கள். இன்று கடித்தால் ‘கரக்’ என்று சத்தம் கேட்கிற ஹனிகிரிஸ்ப் அவர்களுடையதுதான். 1960-இல் மகரந்தம் சேர்த்தார்கள், 1991-இல் வெளியிட்டார்கள். ஒரு பழத்துக்கு 31 வருஷம்! நடுவில் அந்த மரத்தைத் தூக்கிப்போட ஒருமுறை குறித்தும் வைத்திருந்தார்களாம்.

வாங்கப்போகிற கன்றைப் பார்த்தால் நம்ம ஊர்க்காரருக்குச் சிரிப்பு வரும். மண்ணே இருக்காது! உறக்கத்தில் இருக்கிற மரம் என்பதால் வேரை உதறி, ஈரச்சாக்கில் சுற்றி, தபாலில் அனுப்பிவிடுவார்கள். குச்சிக்கு வேர் ஒட்டிவைத்த மாதிரி வந்து சேரும். ஒட்டுப்போட்ட முடிச்சு தரைக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். முடிச்சு புதைந்தால் மேல்மரம் சொந்தமாக வேர்விட்டு, குட்டையாக நிற்க வேண்டியது ஓங்கி வளர்ந்துவிடும். ஆடி கழிந்தபின் தழைச்சத்து உரம் கூடாது. போட்டால் பிஞ்சுத் தளிர் விட்டுக்கொண்டே இருக்கும், பதனப்படாமலே குளிரில் மாட்டிக்கொள்ளும். தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டாயம், ஏனென்றால் பனிக்கு அடியில் எலி சுரங்கம் போட்டு வந்து பட்டையைச் சுற்றிலும் கொறித்துவிடும். தண்டின் தென்மேற்குப் பக்கம் வெள்ளையடிப்பார்கள். குளிர்கால மத்தியான வெயிலில் அந்தப் பக்கம் மட்டும் சூடேறி, பதனம் கலைந்து, சூரியன் மறைந்ததும் திடீரென உறைந்து பட்டை வெடிக்காமலிருக்க! நம்ம பக்கத்தில் கமுகுக்கும் தென்மேற்குப் பக்கம்தான் சுண்ணாம்பு பூசுவோம். இங்கே காரணம் வெயில், அங்கே காரணம் பனி. பூசுகிற பக்கம் மட்டும் ஒன்றே.

ஒட்டுக்கன்று என்றதும் பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் உள்ளவர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். (அது நாஞ்சில் நாடு இல்லை, தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் நாஞ்சில் நாடு என்று சண்டைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.) ரப்பரில் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்று எத்தனை ஏக்கர் நின்றாலும் அத்தனையும் ஒரே தாய்மரத்தின் துண்டுகள்தானே? ஆப்பிளும் அப்படியே! ஆப்பிள் விதையைப் போட்டால் அம்மா மாதிரி பிள்ளை வராது. ஒரு பழத்துக்குள் இருக்கிற பத்து விதையைப் போட்டால் பத்தும் பத்து விதமான மரம், பெரும்பாலும் புளிப்பு. அதனால் நல்ல மரம் ஒன்று தப்பிப்பிறந்தால் அதன் குச்சியை வெட்டி வெட்டி ஒட்டுவதுதான் வழி. ஆஸ்திரேலியாவில் சிட்னி பக்கம் மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டியின் தோட்டத்தில் 1868 வாக்கில் தானாக முளைத்துக் கண்ணில் பட்ட ஒரு மரம்தான் இன்று உலகமெல்லாம் விற்கிற பச்சை ‘கிரானி ஸ்மித்’. எந்த நாட்டில் கடித்தாலும் அந்த ஒரே மரத்தைத்தான் கடிக்கிறீர்கள்!

சிவப்பு டெலிஷியஸ் கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவின் அயோவாவில் ஜெஸ்ஸி ஹையட் என்ற விவசாயி, வரிசை தப்பி முளைத்ததே என்று ஒரு கன்றை இரண்டு தடவை வெட்டி எறிந்தாராம். திரும்பத் திரும்பத் துளிர்த்தது. போகட்டும் என்று விட்டார், காய்த்தது, பழத்தை ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார், ஸ்டார்க் சகோதரர்கள் என்ற நாற்றங்கால்காரர்கள் உரிமையை வாங்கினார்கள். பிலடெல்பியாவில் பிறந்து 1904-இல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய இந்தியா வந்து, சிம்லாவுக்கு அப்பால் கோட்கரில் குடியேறிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916-இல் அந்த ரகத்தைக் கொண்டுவந்து நட்டார். அதுவரை குலு பக்கம் வெள்ளைக்காரர்கள் வளர்த்த புளிப்பு ஆப்பிளை நம்மவர்கள் வாயில் வைக்கவில்லை. இனிப்பு வந்ததும் இமாச்சலத்தின் தலையெழுத்தே மாறிற்று! அந்த மனிதர் சுதந்திரப் போராட்டத்தில் 1921-இல் கைதாகி ஜெயிலுக்குப் போனார். பிறகு இந்து மதம் தழுவி சத்யானந்த ஸ்டோக்ஸ் ஆனார். அயோவாவில் வெட்டுப்பட்ட மரம்தான் சிம்லா வழியாக வடசேரி சந்தைக்கு வந்திருக்கிறது.

ஒரே மரத்தின் துண்டுகள் என்பதால் வருகிற சிக்கலும் உண்டு. பெரும்பாலான ஆப்பிள் ரகங்கள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஊரெல்லாம் டெலிஷியஸ் நட்டால் ஊரெல்லாம் பூ, காய் இல்லை! அதனால் நடுநடுவே கோல்டன் டெலிஷியஸ் போல வேறு ரகம் நடுவார்கள். மகரந்தத்தைச் சுமக்க ஆள் வேண்டுமே? பூக்கிற நாளில் இமாச்சலத் தோட்டக்காரர்கள் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். தேனுக்காக இல்லை, காய்ப்புக்காக! மார்த்தாண்டத்துத் தேன்காரர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூவைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் கொண்டுவருகிற ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தெரியுமா? ரப்பர் இலையின் காம்பு நுனியில் சின்னச் சின்ன சுரப்பிகள் இருக்கின்றன. மாசி, பங்குனியில் தளிர் விடும்போது அதில் ஊறுகிற இனிப்பைத்தான் தேனீ உறிஞ்சுகிறது. இலையிலிருந்து தேன்! இதற்குப் பக்கத்தில் ஆப்பிள் பூ ஒன்றும் பெரிய அதிசயமில்லை என்பது என் கட்சி.

இன்னொன்றும் நம்ம கொல்லையிலிருந்தே. கொல்லாம்பழம் உண்மையில் பழமில்லை, காம்பு வீங்கியது. கீழே தொங்குகிற அண்டிதான் உண்மையான கனி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆப்பிளும் அதே கோஷ்டி! நாம் தின்கிற சதை பூவின் அடிப்பாகம் வீங்கியது. தின்றுவிட்டுத் தூக்கிப்போடுகிறோமே, விதையோடு கூடிய அந்த நடுத்தண்டுதான் உண்மையான கனி. ஒரு ஆப்பிளை வழக்கம்போல் நெடுக்காக வெட்டாமல் குறுக்காக வெட்டிப் பாருங்கள்: ஐந்து அறை, ஐந்து முனை நட்சத்திரம், அறைக்கு இரண்டாக விதை. வெட்டாத ஆப்பிளை வாளித் தண்ணீரில் போட்டால் மிதக்கும், ஏனென்றால் அதன் கனஅளவில் நாலில் ஒரு பங்கு காற்று. காசு கொடுத்து வாங்கியதில் கால்வாசி காற்று!

இனி நாஞ்சில் நாட்டு ஆசைக்கு வருவோம். குளிர் அதிகம் கேட்காத ஆப்பிள் கிடையாதா? உண்டு! பஹாமாஸ் தீவில், பனி என்றால் என்னவென்றே தெரியாத நாசாவ் நகரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் முளைத்தது டார்செட் கோல்டன். இஸ்ரேலில் அப்பா ஸ்டைன் என்பவர் சூடான ஊர்களுக்கென்று உருவாக்கியது அன்னா; 300 மணி நேரக் குளிரே அதற்குப் போதும். நம்ம நாட்டில் இமாச்சலத்தின் அடிவாரத்தில் பனியாலா என்ற ஊர்க்காரர் ஹரிமன் சர்மா. ஆப்பிள் தின்றுவிட்டுக் கொல்லையில் வீசிய விதை 1999-இல் முளைத்தது. கடல்மட்டத்திலிருந்து 1,800 அடிதான், ஆப்பிள் காய்க்கவே கூடாத உயரம். அவர் பிடுங்கி எறியாமல் வளர்த்தார், காய்த்தது. எச்.ஆர்.எம்.என். 99 என்ற பெயரில் இன்று சமவெளியெல்லாம் கன்று போகிறது. 2025-இல் அவருக்குப் பத்மஸ்ரீ!

இந்தோனேசியாவில் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, ஜாவாவின் மலாங் பக்கத்து பாட்டு மலையில், ஒரே மரத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை ஆப்பிள் பறிக்கிறார்கள்! குளிர்காலமே இல்லாத ஊரில் எப்படி? அறுவடை முடிந்ததும் ஆளை விட்டு மரத்திலுள்ள இலையெல்லாவற்றையும் கையால் உருவிவிடுகிறார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவதற்கு முன்பே, இலைகள் போனதும், விழித்துப் பூத்துவிடுகிறது. உறங்கவே விடாமல் எழுப்பினால் குளிர்க் கணக்கு தேவையில்லை! நம்ம ரப்பர் தைப்பனியில் இலை உதிர்த்துவிட்டு மறுபடி தளிர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை சட்டென்று பிடிபடும்.

அப்படியானால் நடலாமா? கன்று விற்கிற வண்டி தெருவில் வந்தால் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பேச்சு இது:

“பாட்டா, இது ஆப்பிள் தையாக்கும். நம்ம ஊர்லயும் காய்க்கும்ணு சொல்லுகான்.”

“காய்க்கும் மக்களே. சிவக்குமாண்ணு கேட்டியா?”

பாட்டாவின் கேள்வி சரியான கேள்வி! ஆப்பிளின் சிவப்பு பழுக்கிற நேரத்தில் கிடைக்கிற குளிர்ந்த ராத்திரியில்தான் கூடும். நம்ம வெக்கை ராத்திரியில் சாயம் ஏறாது, சதையும் இறுகாது, மாவு மாதிரி ஆகும். அதற்குமேல் இரண்டு பருவமழை. தென்மேற்கும் வடகிழக்கும் மாறிமாறிப் பெய்கிற ஊரில் மரத்துக்கு ஓய்வுக்காலம் ஏது? இலைப்புள்ளி நோயும் வேரழுகலும் சும்மா இருக்காது. மொட்டைமாடியில் தொட்டி வைத்து வேடிக்கை பார்க்க ஒரு அன்னாவும் ஒரு டார்செட் கோல்டனும் ஜோடியாக நட்டால் குற்றமில்லை. ஒன்றின் மகரந்தம் மற்றதற்கு உதவும். தோப்பாக நட்டுச் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே மண்ணில் மட்டி வாழை இருக்கிறதே! விரல் நீளப் பழம், மணக்கிற சதை, பால்குடி மறக்காத பிள்ளைக்கும் மசித்துக் கொடுக்கிற மட்டி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. மாறாமலைக் கிராம்புக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஒரே ஒரு உறைபனி ராத்திரி போதும், அந்தக் கிராம்பு மரம் செத்துவிடும். ஸ்ரீநகரில் கிராம்பு நட யாரும் கிளம்பவில்லை.

பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சோதனை மட்டும் வீட்டிலேயே செய்யலாம். ஆப்பிள் விதையும் குளிரை எண்ணுகிறது. அப்படியே தொட்டியில் ஊன்றினால் பெரும்பாலும் முளைக்காது. விதையைக் கழுவி, ஈரத்துணியில் மடித்து, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃபிரீசரில் வைத்துவிடாதீர்கள். வாரம் ஒருமுறை ஈரம் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில், அந்த இருட்டுக்குள்ளேயே பழுப்புத் தோல் வெடித்து வெள்ளை வேர்நுனி எட்டிப் பார்க்கும். நாகர்கோவில் வீட்டில் ஒரு காஷ்மீர்க் குளிர்காலம் முடிந்துவிட்டது என்று அந்த விதை நம்பிவிட்டது!

மரத்தில் தொங்குகிற ஆப்பிளைத்தான் பார்க்க வேண்டும் என்றால் காஷ்மீர் வரை போக வேண்டாம். கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் நம்ம மலைக்கென்றே ஒரு ரகம் வெளியிட்டிருக்கிறது. பார்லின்ஸ் பியூட்டி, ஐரிஷ் பீச் என்று குறைந்த குளிரில் காய்க்கிற வேறு ரகங்களையும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் நம்ம மலைகளுக்குப் பரிந்துரைக்கிறது. அதைவிட நேரில் பார்க்கத் தோதான இடம் காந்தளூர். இடுக்கி மாவட்டம், மறையூருக்கு மேலே, சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைமறைவுப் பிரதேசம் என்பதால் கேரளத்தின் மற்ற மலைகளைப்போல் மழை கொட்டாது. அதனால்தான் அங்கே ஆப்பிள் நிற்கிறது. நிறையப் பேர் தமிழ் பேசுவார்கள், வழிகேட்கச் சிரமமில்லை. காவல்கிணற்றில் அதே 44-ஆம் எண் ரோட்டைப் பிடித்து மதுரை, திண்டுக்கல் வரை போய், பழனி, உடுமலை வழியாக சின்னார் காட்டுக்குள் ஏற வேண்டும். காட்டுச் சோதனைச்சாவடியை ராத்திரியில் அடைத்துவிடுவார்கள், பொழுதோடு போய்விடுங்கள். ஆடி, ஆவணியில் போனால் காய் இருக்கும். திரும்பும்போது மறையூர் வெல்லமும் காந்தளூர்ப் பூண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆப்பிளைவிட அவை இரண்டும் ரசத்துக்கு உதவும்.